காவிரி ஆணையத்துல உக்காந்திருக்கறது யாரு, உக்கார வச்சது யாரு?

ஆகஸ்ட் வந்துட்டா போதும், எந்த நியூஸ் சேனல் வச்சாலும் அடில ஓடற வரில காவிரி வந்துடும். ஒழுங்காற்றுக் குழு பரிந்துரை, மேலாண்மை ஆணையம் உத்தரவு, கர்நாடகா மறுப்பு, தமிழக அதிகாரிகள் வெளிநடப்பு. எத்தனை கனஅடி, எத்தனை நாளைக்குன்னு டீக்கடைல கூட கரெக்டா சொல்லுவாங்க, தமிழ்நாட்டு எல்லைல தண்ணிய அளக்கற பிலிகுண்டுலு அளவு, மேட்டூர் நீர்மட்டம் எல்லாம் நாக்கு நுனில இருக்கும். ஆனா அந்த மீட்டிங் ரூம்ல உக்காந்து முடிவு எடுக்கறது யாரு, அவங்கள அங்க அனுப்பினது யாருன்னு கேட்டா பேச்சு அப்படியே நின்னுடும். எங்க சித்தப்பா பேராவூரணி பக்கம் கடைமடைல வெள்ளாமை பண்றவர், போன் பண்ணும்போது ஒருநாள் கேட்டாரு, "ஏம்ப்பா, அந்த ஆணையத்துல நம்மாளு யாரு இருக்கா?"ன்னு. நான் "நம்ம செகரட்டரி இருக்காரு சித்தப்பா"ன்னேன். "அது அதிகாரி. நம்மாளு யாருன்னு கேட்டேன்"னாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஏன்னா அங்க அப்படி ஒருத்தருக்கு இடமே இல்ல.

அதனால இந்த போஸ்ட். டிஎம்சி சண்டைய கொஞ்சம் ஓரமா வச்சுட்டு நாற்காலிய மட்டும் பாப்போம்.

முதல்ல பலரும் குழப்பிக்கற ஒண்ணு. ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் வேற வேற. 2018 ஜூன் 1ஆம் தேதி மத்திய அரசு அரசிதழ்ல போட்ட காவிரி நீர் மேலாண்மைத் திட்டத்துல ரெண்டுமே வருது. மேல இருக்கறது ஆணையம், ஆபீஸ் டெல்லில. கீழ இருக்கறது குழு, ஆபீஸ் பெங்களூருல. குழு அணைல எவ்வளவு தண்ணி இருக்கு, எவ்வளவு வருது, மழை எப்படின்னு கணக்கு பாத்து பரிந்துரை பண்ணும், ஆணையம் அத ஏத்துக்கலாம், மாத்தலாம், உத்தரவா போடலாம். ஆணையத்தோட ஆபீஸும் முதல்ல பெங்களூருலதான் இருக்கும்னு வரைவுல போட்டிருந்தாங்க, தமிழ்நாடு எதிர்ப்பு சொல்லி, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்தான் டெல்லின்னு மாறுச்சு. அதே வரைவுல இன்னொரு விஷயமும் இருந்துச்சு, ஒரு மாநிலம் ஒத்துழைக்கலன்னா ஆணையம் மத்திய அரசுகிட்ட போகணும், மத்திய அரசு சொல்றதுதான் கடைசி முடிவுன்னு. அதுவும் திருத்தப்பட்டுச்சு. இந்த ரெண்டும் திருத்தாம போயிருந்தா இன்னிக்கு நிலைமை எப்படி இருந்திருக்கும்னு நினைச்சா கொஞ்சம் பகீர்னுதான் இருக்கு.

சரி, ஆணையத்துல மொத்தம் 9 பேர். தலைவர் ஒருத்தர். முழுநேர உறுப்பினர்கள் 2 பேர், ஒருத்தர் நீர்வளம், இன்னொருத்தர் வேளாண்மை. பகுதிநேர உறுப்பினர்களா மத்திய அரசுல இருந்து 2 பேர், இணைச் செயலாளர் அந்தஸ்துல, நீர்வள அமைச்சகம் ஒண்ணு வேளாண் அமைச்சகம் ஒண்ணு. அப்புறம் கேரளா, கர்நாடகா, தமிழ்நாடு, புதுச்சேரி நாலுத்துக்கும் ஆளுக்கு ஒருத்தர், அந்தந்த அரசோட நீர்வளத்துறைச் செயலாளர். இவங்க இல்லாம ஆணையத்துக்குன்னு ஒரு செயலர் உண்டு, அவருக்கு ஓட்டு கிடையாது. கூட்டம் நடக்க 6 பேர் வேணும், முடிவு பெரும்பான்மைப்படி.

இப்ப கூட்டிக் கழிச்சுப் பாருங்க. 9ல 5 பேர் மத்திய அரசு போடற ஆளுங்க, 4 பேர் மாநிலத்து ஆளுங்க. தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரு பக்கம், கர்நாடகா எதிர்ப்பக்கம், கேரளா விஷயத்தப் பொறுத்து எங்க வேணா நிக்கும்னு வச்சுக்கிட்டாலும் எந்த ஓட்டெடுப்புலயும் முடிவு பண்றது அந்த 5 பேர்தான். நாலு மாநிலமும் ஒண்ணா சேந்து நின்னா கூட 4தான் வரும். (அப்படி ஒண்ணு சேர்ற நாள் வந்தா ஆணையமே தேவப்படாது, அது வேற.)

இதுல நான் கவனிச்ச இன்னொண்ணு, மாநிலங்களோட 4 இடமும் பதவியோட ஒட்டுனது. "நாங்க இவர நியமிச்சோம்"னு அரசு லெட்டர் அனுப்பும், ஆனா ஆள் தேர்ந்தெடுக்கற வேலை எதுவும் அதுல இல்ல, துறைச் செயலாளர் யாரோ அவர்தான் உறுப்பினர். அவர வேற துறைக்கு மாத்தினா காவிரி ஆணைய உறுப்பினரும் மாறிடுவாரு. நம்ம பக்கமே பாருங்க, 2018ல ஆரம்பிச்சப்ப பொதுப்பணித்துறைச் செயலாளரா இருந்த எஸ்.கே.பிரபாகர் போனாரு, அப்புறம் மணிவாசன், 2021ல நீர்வளத்துறைய தனியா பிரிச்சதுக்கு அப்புறம் சந்தீப் சக்சேனா. யாரும் சரியில்லன்னு சொல்ல வரல. முப்பது வருஷத்துக்கு மேல ஓடற வழக்கு, தண்ணிய பிரிக்க அமைச்ச நடுவர் மன்றத்தோட ஆவணமே மலை மாதிரி இருக்கு, அத படிச்சு முடிச்சு நிமிரும்போது டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தா என்ன பண்றது? அதான் நம்மகிட்ட காவிரி தொழில்நுட்பக் குழுமம்னு தனியா ஒரு பிரிவு இருக்கு, பழைய கணக்கெல்லாம் ஞாபகம் வச்சிருக்கறது உண்மைல அவங்கதான். மீட்டிங்குக்கு செயலாளர் கூட போய் ஃபைல் எடுத்துக் கொடுக்கறதும் அவங்கதான். ஆனா ஆணையத்துல அவங்களுக்கு ஓட்டு இல்ல.

மத்திய அரசோட ரெண்டு இணைச் செயலாளர் இடமும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆக மொத்தம் 9ல 6 இடம் பதவிய பாத்து தானா வர்றது. நிஜமாவே ஆள் பாத்து, தகுதி பாத்து போட வேண்டிய இடம்னா மூணே மூணு, தலைவரும் அந்த ரெண்டு முழுநேர உறுப்பினர்களும். அந்த மூணும் முழுக்க மத்திய அரசு கைல. மாநிலங்கள்கிட்ட கலந்து பேசணும்னு கட்டாயம் இல்ல, தேடல் குழு கிடையாது. என்னைக் கேட்டா காவிரில "அதிகாரம் இருக்கா இல்லையா"ன்னு நாம அடிச்சுக்கற அடிதடில பாதிய இந்த மூணு நாற்காலி பக்கம் திருப்பியிருக்கணும்.

தலைவருக்கு தகுதி என்னன்னா, ஒண்ணு நீர்வள மேலாண்மையிலயும் மாநிலங்களுக்கு நடுவுல தண்ணி பிரிக்கற விவகாரத்துலயும் நல்ல அனுபவம் உள்ள மூத்த பொறியாளரா இருக்கணும், இல்ல அதே அனுபவத்தோட மத்திய அரசுல செயலாளர் இல்ல கூடுதல் செயலாளர் அந்தஸ்துல இருக்கற அகில இந்தியப் பணி அதிகாரியா இருக்கணும். பதவிக்காலம் 5 வருஷம், இல்லன்னா 65 வயசு, எது முன்னாடி வருதோ அது. முழுநேர உறுப்பினர்களுக்கு 3 வருஷம், 5 வரைக்கும் நீட்டிக்கலாம். நீர்வள உறுப்பினர் மத்திய நீர் பொறியியல் பணில இருந்து தலைமைப் பொறியாளர் அந்தஸ்துல வரணும், வேளாண் உறுப்பினர் வேளாண் அமைச்சகத்துல ஆணையர் அந்தஸ்து. அந்த நீர்வள உறுப்பினர்தான் கீழ இருக்கற ஒழுங்காற்றுக் குழுவுக்கும் தலைவர். அதாவது பரிந்துரை பண்ற கூட்டத்துக்கும் அவர்தான் தலைமை, அந்த பரிந்துரை மேல வரும்போது அங்கயும் அவர் உறுப்பினர். இதுல தப்பு ஒண்ணும் இல்ல, நடைமுறைக்கு நல்லதும் கூட, ஆனா அந்த ஒத்த நாற்காலிக்கு எவ்வளவு கனம்னு தெரிஞ்சுக்கணும்.

பேப்பர்ல இப்படி இருக்கு. நடந்தது என்னன்னு வாங்க.

2018 பிப்ரவரி 16 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு, ஆறு வாரத்துல திட்டம் போடணும்னு சொன்னாங்க. ஆறு வாரம் முடிஞ்சதும் மத்திய அரசு 'ஸ்கீம்'னு கோர்ட் சொன்னதுக்கு விளக்கம் கேட்டு மனு போட்டுச்சு. ஊர் முழுக்க போராட்டம், சேப்பாக்கத்துல நடக்க வேண்டிய ஐபிஎல் மேட்ச் எல்லாம் புனேவுக்கு போச்சு. மே மாசம் கோர்ட்ல கேட்டப்ப பிரதமரும் அமைச்சர்களும் கர்நாடகா தேர்தல் பிரச்சாரத்துல இருக்காங்க, அதான் கேபினட் ஒப்புதல் வாங்க முடியலன்னு பதில். மே 12 கர்நாடகால ஓட்டுப்பதிவு, மே 14 வரைவு தாக்கல். தேதிய மட்டும் சொல்லிட்டு போறேன்.

ஜூன்ல ஆள் பேர் கொடுக்கச் சொன்னாங்க. தமிழ்நாடு உடனே கொடுத்துடுச்சு. கர்நாடகால குமாரசாமி அப்பதான் முதல்வரா வந்திருக்காரு, திட்டத்துலயே ஆட்சேபணை இருக்குன்னு சொல்லிப் பேர் கொடுக்காம இழுத்தாங்க. ஒரு மாநிலம் பேரே கொடுக்கலன்னா என்ன ஆகும்னு எல்லாரும் பாத்துட்டு இருந்தப்ப, மத்திய அரசு காத்திருக்காம ஜூன் 22ஆம் தேதி ஆணையத்த அமைச்சுடுச்சு. மேல சொன்னேன்ல, இடம் பதவியோட ஒட்டுனதுன்னு, அந்த ஏற்பாட்டுக்கு இப்படி ஒரு நல்லதும் இருக்கு, பேர் கொடுக்காம இருந்து யாரும் ஆணையத்த முடக்க முடியாது. அப்புறம் கர்நாடகாவும் வழிக்கு வந்துச்சு, ஜூலை 2 டெல்லில முதல் கூட்டம், ஜூலை மாசத்துக்கு 31.24 டிஎம்சி விடணும்னு உத்தரவு.

ஆனா தலைவர்? முழுநேரத் தலைவர் போடல. மத்திய நீர் ஆணையத்தோட தலைவரா இருந்த மசூத் உசேனுக்கு கூடுதல் பொறுப்பா கொடுத்தாங்க. புதுசா ஆரம்பிக்கறப்ப அப்படித்தான் பண்ணுவாங்க, நாலு மாசத்துல ஆள் வந்துடும்னுதான் எல்லாரும் நினைச்சோம். மூணு வருஷம் ஆச்சு. அவர் போனா அடுத்து நீர் ஆணையத்துக்கு யார் தலைவரா வர்றாங்களோ அவங்களுக்கு இதுவும் சேத்து. நாடு முழுக்க இருக்கற அணை, வெள்ளம், திட்ட அனுமதின்னு எல்லாத்தையும் பாக்கற ஒருத்தர், மிச்ச நேரத்துல காவிரி.

நேரப் பிரச்சனை மட்டும்னா கூட விட்டுடலாம். 2018 நவம்பர்ல என்ன ஆச்சு? காவிரி குறுக்க கட்ட நினைக்கற மேகதாது அணைக்கு விரிவான திட்ட அறிக்கை தயார் பண்ணலாம்னு கர்நாடகாவுக்கு அனுமதி கொடுத்தது மத்திய நீர் ஆணையம். அந்த நீர் ஆணையத்துக்கு தலைவர் யாரு? மசூத் உசேன். அந்த அணை வந்தா எங்க தண்ணி போயிடும்னு தமிழ்நாடு போய் முறையிட வேண்டிய காவிரி ஆணையத்துக்குத் தலைவர் யாரு? அதே மசூத் உசேன். ஒரு ஆபீஸ்ல கையெழுத்து போட்டுட்டு இன்னொரு ஆபீஸ்ல போய் அந்தக் கையெழுத்து மேல வர்ற புகார அவரே கேக்கணும். தமிழ்நாடு அவர் மேலயே கோர்ட் அவமதிப்பு மனு போட்டுச்சு. அவர் நல்லவரா கெட்டவராங்கற பேச்சே இதுல இல்ல, எவ்வளவு யோக்கியமான ஆள உக்கார வச்சாலும் இந்த ஏற்பாடு தப்பு. ஒரே ஆளுக்கு ரெண்டு தொப்பி மாட்டினது யாரோ அவங்களத்தான் கேக்கணும்.

நடுவுல 2020 ஏப்ரல்ல, ஊரே லாக்டவுன்ல கிடந்தப்ப, ஆணையம் ஜல் சக்தி அமைச்சகத்துக்கு (மத்திய நீர்வள அமைச்சகம்தான்) கீழ வரும்னு ஒரு அறிவிப்பு வந்துச்சு. இங்க பெரிய சத்தம். டெல்லில சொன்னது, இது வெறும் நிர்வாக ஒதுக்கீடு, மத்த நதி வாரியங்களும் இப்படித்தான் இருக்கு, அதிகாரம் குறையாதுன்னு. சட்டப்படி பாத்தா அவங்க சொன்னதுல நியாயம் உண்டுன்னுதான் எனக்கு படுது, பட்ஜெட், ஃபைல் எல்லாம் ஏதோ ஒரு அமைச்சகம் பாத்துத்தான் ஆகணும். ஆனா முழுநேரத் தலைவரே போடாம ரெண்டு வருஷம் ஓட்டினவங்க மேல ஜனங்களுக்கு சந்தேகம் வராம வேற என்ன வரும்.

கடைசில 2021லதான் எஸ்.கே.ஹல்தர முழுநேரத் தலைவரா போட்டாங்க. அவரும் நீர் ஆணையத் தலைவரா இருந்து இதையும் கூடுதலா பாத்துட்டு இருந்தவர்தான், அதுக்கப்புறம் இது மட்டும்.

கொஞ்சம் பின்னாடி போய் 2007 நடுவர் மன்ற இறுதித் தீர்ப்புல என்ன இருந்துச்சுன்னு பாத்தா இன்னொரு வித்தியாசம் தெரியும். அவங்க சொன்னது காவிரி மேலாண்மை வாரியம். தலைவர் நீர்ப்பாசனப் பொறியாளர், மாநிலப் பிரதிநிதிகளும் தலைமைப் பொறியாளர் அந்தஸ்துல இருக்கற பொறியாளர்கள். மதகத் திறந்து மூடத் தெரிஞ்சவங்க கைல கொடுக்கணும்னு ஒரு யோசனை அதுல இருந்துச்சு. 2018ல மேல ஐஏஎஸ் செயலாளர்கள், பொறியாளர்கள் கீழ ஒழுங்காற்றுக் குழுவுக்கு. குழுவுல மாநிலத்துக்கு ஒரு தலைமைப் பொறியாளர், கூட வானிலைத் துறை, மத்திய நீர் ஆணையம், வேளாண் அமைச்சகம்னு ஆளுங்க. இதுல எது சரின்னு ரெண்டு பக்கமும் பேசலாம். செயலாளர்னா அரசு சார்பா அங்கயே ஒரு முடிவுக்கு ஒத்துக்க முடியும், பொறியாளர் ஒவ்வொண்ணுக்கும் சென்னைக்கு போன் போடணும். ஆனா செயலாளர் முதல்வருக்கு நேரா பதில் சொல்ற ஆள், அவர் கணக்க விட கட்சிகளத்தான் அதிகம் பாக்க வேண்டியிருக்கும்.

ஆந்திரா தெலங்கானா பிரிஞ்சப்ப 2014 சட்டத்துல கிருஷ்ணா, கோதாவரிக்கு போட்ட வாரியம் இதுல புத்திசாலித்தனமா இருக்கு. மாநிலத்துக்கு ரெண்டு பேர், ஒருத்தர் தலைமைப் பொறியாளருக்கு குறையாத தொழில்நுட்ப ஆள், இன்னொருத்தர் நிர்வாக ஆள். அதுக்காக அங்க சண்டை இல்லன்னு அர்த்தம் இல்ல, நாகார்ஜுனசாகர் அணைல ரெண்டு மாநில போலீஸும் நேருக்கு நேர் நின்ன கதையெல்லாம் இருக்கு. ஆனாலும் கணக்கு தெரிஞ்சவருக்கும் மேஜைல ஒரு இடம் இருக்குல்ல.

அப்புறம் வடக்க பஞ்சாப், ஹரியானா பக்கத்து அணைகள பாக்கற பக்ரா பியாஸ் வாரியம். காவிரி வாரியத்துக்கு நடுவர் மன்றம் மாதிரியா காட்டினதே அதத்தான். அங்க ரொம்ப காலமா ஒரு வழக்கம், மின்சார உறுப்பினர் பஞ்சாப்ல இருந்து, பாசன உறுப்பினர் ஹரியானால இருந்து. 2022ல மத்திய அரசு விதிய மாத்தி, தகுதி இருந்தா எந்த மாநிலத்து ஆளும் வரலாம்னு ஆக்கிடுச்சு. பஞ்சாப்ல எல்லாக் கட்சியும் கொந்தளிச்சாங்க. தண்ணி அளவுல ஒரு சொட்டு மாறல, மாறினது உறுப்பினர் எங்க இருந்து வரணும்ங்கறது மட்டும்தான், அதுக்கே அவ்வளவு. பஞ்சாப்காரன் எங்க பாக்கணுமோ அங்க கரெக்டா பாக்கறான்னு எனக்கு அப்ப தோணுச்சு.

அதிகாரிகளே வேண்டாம், அரசியல் தலைவர்களே உக்காந்து பேசட்டும்னும் நாம ஒரு தடவை முயற்சி பண்ணியாச்சு. 1998ல அமைச்ச காவிரி நதிநீர் ஆணையம், தலைவர் பிரதமர், உறுப்பினர்கள் நாலு முதல்வர்கள். இத விடப் பெரிய ஆளுங்க யாரு இருக்கா? அது கூடினதே அபூர்வம், 2012 செப்டம்பர்ல மன்மோகன் சிங் தலைமைல கூடி 9000 கனஅடின்னு சொன்னப்ப ரெண்டு மாநிலமும் ஏத்துக்கல. முதல்வர்னா ஊர்ல தேர்தல், அங்க போய் விட்டுக் கொடுத்துட்டு வர முடியுமா?

2023 ஆகஸ்ட்ட ஞாபகப்படுத்திக்கோங்க. 10ஆம் தேதி ஒழுங்காற்றுக் குழுல 15000 கனஅடின்னு பேச்சு, மறுநாள் ஆணையக் கூட்டத்துல அது 10000 ஆச்சு, நம்ம அதிகாரிகள் வெளிநடப்பு. டிவில பாத்தப்ப வீரமாத்தான் இருந்துச்சு. ஆனா ஓட்டுக் கணக்குப்படி நாம எழுந்து வந்தா மீதி 8 பேர் இருக்காங்க, கூட்டம் நிக்காது. அப்புறம் 5000 ஆச்சு, சுப்ரீம் கோர்ட் போனோம், செப்டம்பர் 21ல கோர்ட் தலையிட மறுத்துடுச்சு, ரெண்டு அமைப்பும் மழைக்குறைவு வறட்சி எல்லாத்தையும் பாத்துத்தான் முடிவு எடுத்திருக்காங்கன்னு. அதாவது இனிமே அந்த 9 பேர் சொல்றதுதான் ஏறக்குறைய கடைசி வார்த்தை. முன்னாடி எல்லாம் எதுக்கெடுத்தாலும் கோர்ட்டுக்கு ஓடினோம், இப்ப கோர்ட்டே அவங்கள காட்டுது. அந்த நாற்காலிகளோட மதிப்பு அன்னிக்கு ஒரேயடியா ஏறிப்போச்சு, நம்ம ஊர்ல யாரும் அதப் பத்திப் பேசல.

இவ்வளவு பேசினதுல காசு யார் கொடுக்கறாங்கன்னு சொல்லல. ஆணையத்தோட செலவுல தமிழ்நாடு 40 சதவீதம், கர்நாடகா 40, கேரளா 15, புதுச்சேரி 5. மாநிலங்கள் மொத்தச் செலவையும் பிரிச்சுக்கறாங்க, தலைவர் நாற்காலிக்கு ஆள் போடறதுல அவங்களுக்கு ஒரு வார்த்தை கூட கிடையாது. நான் ஒண்ணும் நாலு மாநிலமும் சேந்து தேர்ந்தெடுக்கணும்னு சொல்லல, அப்படி வச்சா பத்து வருஷம் காலியாவே கிடக்கும். மூணு பேரோட பட்டியல் போட்டு மாநிலங்களுக்கு அனுப்பி எழுத்துல கருத்து கேக்கலாம், நாற்காலி காலியாகறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே ஆள் தேட ஆரம்பிக்கணும்னு விதில எழுதலாம், நீர் ஆணையத்துல பதவில இருக்கறவருக்கு இதக் கூடுதலா கொடுக்கக் கூடாதுன்னு ஒரு வரி போடலாம். இந்தக் கடைசி ஒரு வரி மட்டும் 2018ல இருந்திருந்தா மேகதாதுல அந்தக் கூத்து நடந்திருக்காது.

சித்தப்பா கேட்ட 'நம்மாளு' விஷயத்துல எனக்கு முழுசா ஒப்புதல் இல்ல. விவசாயிக்கு ஒரு ஓட்டு கொடுத்தா கர்நாடகா பக்கம் மண்டியா விவசாயிக்கும் ஒண்ணு கொடுக்கணும், அப்புறம் அதுவும் இன்னொரு மேடையாயிடும். ஆனா ஓட்டு இல்லாம உக்காந்து கேக்கவாவது விடலாம், மீட்டிங்ல யாரு என்ன சொன்னாங்கன்னு குறிப்ப தமிழ்லயும் கன்னடத்துலயும் சீக்கிரமே வெளியிடலாம். 2024 பிப்ரவரில மேகதாது அறிக்கைய மத்திய நீர் ஆணையத்துக்கே திருப்பி அனுப்பறதுன்னு ஆணையம் முடிவெடுத்தப்ப, நம்ம பிரதிநிதி அங்க என்ன சொன்னாரு, எப்படி நின்னாருன்னு இங்க எவ்வளவு அடிச்சுக்கிட்டோம். கூட்டக் குறிப்பு கைல இருந்திருந்தா பாதி சண்டைக்கு வேலையே இல்ல.

ஹல்தர போட்டது 2021ல. அஞ்சு வருஷம் இல்ல 65 வயசுங்கற விதிப்படி பாத்தா அந்தப் பதவிக்காலம் 2026க்கு மேல போகாது. அடுத்த அறிவிப்பு வரும்போது பேர மட்டும் பாத்துட்டு நிறுத்திடாதீங்க, 'முழுநேரம்'னு இருக்கா, 'கூடுதல் பொறுப்பு'ன்னு இருக்கான்னு பாருங்க. ரெண்டாவதா இருந்தா அன்னிக்கே சத்தம் போடணும், ஆகஸ்ட் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.